மாட்டூட்டுக்கு வந்த மாடி வரி

தாது வருஷம் ஐப்பசி மாதம்

கண்ணு தெய்வாத்தாளுக்கு உன் அப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, செவலை மாடு, அதன் கன்று எல்லோரும் மாகாளியம்மன் புண்ணியத்தில் சுகம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மாட்டின் சுகத்தையும் ஒருத்தன் எழுதுவானா என்று சிரிக்காதே அம்மணி, இந்த ஐப்பசியில் அதை நம்மிடம் தக்கவைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நம் வீதியும் முனிசிபாலிட்டியில் சேர்ந்துவிட்டதல்லவா, வீட்டு வரி போடப் புதிதாக ஒரு பில் கலெக்டர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நம் பேச்சு அவருக்குப் பிடிபடாது. நான் பல்லடம் சந்தைக்குப் போயிருந்தேன். மழைச் சேற்றில் செருப்பை வைக்க மனமில்லாமல் அவர் வீதியில் நின்றபடியே, பின்னால் என்ன கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். உன் அம்மா வாய் நிறைய வெற்றிலையோடு, அது மாட்டூடுங்க என்றிருக்கிறாள். வீட்டை ஊடு என்பதும் மாட்டுத் தொழுவத்தை மாட்டூடு என்பதும் நமக்குப் பிறவிப் பழக்கம், அந்த மனுஷன் காதில் அது மாடி வீடு என்று விழுந்துவிட்டது. அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மாடு கட்டும் கொட்டகைக்கு மாடி வீட்டு வரி போட்டு நோட்டீஸ் வந்தது, கட்டத் தவறினால் மாட்டை ஜப்தி செய்வோம் என்று வேறு. தையில் நீ தலைப்பிரசவத்துக்கு வருகிறாய், உனக்குப் பால் வேண்டும் என்றுதானே செவலையை விற்காமல் வைத்திருக்கிறேன். சரி தொலையட்டும் என்று இந்த முறை கட்டிவிட்டாலோ ஆயுசுக்கும் நான் மாடி வீட்டுக்காரன்.

ஆட்சேபணை மனு எழுதிக் கொடுத்தேன். விசாரித்த கமிஷனர் சென்னைப் பட்டணத்துக்காரர், நல்ல மாதிரி. பில் கலெக்டர் எழுந்து, வீட்டு அம்மாளே தன் வாயால் மாடி வீடு என்று சொன்னார் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தில் தொழுவம் என்ற சொல் வாயில் வந்தால்தானே, ஏனுங்க எசமான், அது மாட்டூடுங்க, வெறும் மாட்டூடுங்க என்று கத்திப்போட்டேன். பாருங்கள், இவரும் ஒப்புக்கொள்கிறார் என்று பில் கலெக்டர் உட்கார்ந்துவிட்டார். கமிஷனர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நேரில் வந்தே பார்க்கிறேன் என்றார்.

வந்தார். பரணில் வைக்கோல் போட ஏணி சாத்தியிருந்தது என் போதாத காலம். பில் கலெக்டர் அதைக் காட்டி, அதோ படி என்றார். கமிஷனர் சளைக்காமல் ஏறினார். உன் அம்மா சும்மா இருப்பாளா, பார்த்து ஏறுங்க சாமி, மாட்டூடு ரொம்பப் பழசுங்க என்றாள். பில் கலெக்டர் அதையும் குறித்துக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கமிஷனர் பரணுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையெல்லாம் வைக்கோலோடு திரும்பினார். அதற்குள் அவருடைய அங்கவஸ்திரத்தின் தொங்கிய நுனியைச் செவலை பாதி மென்றுவிட்டது. பிடுங்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஏணியில் நின்றபடியே பில் கலெக்டரைப் பார்த்து, உம்முடைய மாடி வீட்டில் குடியிருக்கிற அம்மாள் இவர்தானா, நோட்டீஸை இவரிடமே கொடுத்திருக்கலாமே என்று கேட்டார் பார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சனமெல்லாம் சிரித்தது, பில் கலெக்டரும் சிரித்துவிட்டார். வரி தள்ளுபடி ஆகிவிட்டது. கமிஷனர் மோர் குடித்துவிட்டு, கிழிந்த துணியைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் கண்ணு எனக்குச் சோறு இறங்கியது.

அன்றிலிருந்து உன் அம்மா திருந்திவிட்டாள். மறக்காமல் வீடு என்கிறாள். அதோடு நிறுத்தினாளா, உப்பை வுப்பு என்கிறாள், உரலை வுரல் என்கிறாள். நேற்று என்னை, வுங்களுக்குச் சாப்பாடு போடட்டுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் எனக்கே நம் பேச்சு மறந்துவிடும் போலிருக்கிறது.

மாப்பிள்ளையை மில்லில் முன்கூட்டியே லீவு கேட்டு வைக்கச் சொல். ரயிலில் பெண்கள் வண்டியில் ஏறு, கனமான எதையும் தூக்காதே, என்றைக்குப் புறப்படுகிறாய் என்று தவறாமல் எழுது. ஸ்டேஷனுக்கு நானே வண்டி கட்டிக்கொண்டு வருவேன். நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகும் குழந்தையும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையைச் சீக்கிரமாக வீட்டுக்கு வரச் சொல்லி எழுதுங்கள், வீடு என்றே எழுதுங்கள், பம்பாய்க்காரர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு பிள்ளையை வேறெங்காவது அனுப்பிவிடப் போகிறார்கள் என்று பயப்படுகிறாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னபடி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ பிறந்த நாளிலிருந்து அவள் உன்னைக் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன்.

வெரசா ஊட்டுக்கு வா கண்ணு.

உன் அப்பன்,
திருமூர்த்தி