ஏணியை மறித்து நிற்கும் பம்புக் கைப்பிடி

அனுப்புநர்
சொ. அன்னத்தாய்,
கணவர் பெயர்: சொரிமுத்து,
கதவு எண் 31, நாலாவது சந்து,
தாராவி, மும்பை.

பெறுநர்
அதிகாரி அவர்கள்,
வீட்டுக் கிணறுகள் ஆய்வுப் பிரிவு,
மும்பை.

பொருள்: தங்கள் பிரிவு சீல் வைத்த கைப்பம்பின் கைப்பிடியைத் தாழ்த்தி, என் கணவரை மாடியிலிருந்து இறக்க வழிவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதற்கு முன் இரண்டு மனுக்கள் கொடுத்தோம். இரண்டும் பக்கத்து வீட்டு ஆதர்ஷ் மராத்தியில் எழுதியவை. அவற்றில் மரியாதை இருந்தது, விஷயம் இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்த தமிழில் நானே எழுதுகிறேன். ஒரு வரியும் குறைக்காமல் அவர் செய்த மராத்தி மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன்.

1. என் கணவர் வீட்டுக் கிணறுகளுக்குக் கைப்பம்பு செய்பவர். பிளாஸ்டிக் குழாய், இரும்புக் கைப்பிடி, இங்குள்ள தோல் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகளில் வெட்டிய வாஷர், அவ்வளவுதான். கம்பெனி பம்பு வாங்க முடியாதவர்கள் கல்யாண், அம்பர்நாத் வரை அவரைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு பழைய கிணறு உண்டு. அதன்மேல் அவர் செய்த பம்பு இருபது வருடமாக நிற்கிறது.

2. தெருவில் காய்ச்சல் பரவியதால் ஜனவரி 28 அன்று தங்கள் ஆய்வாளர் வந்து, தண்ணீரைச் சோதிக்கும்வரை பதினைந்து நாள் என்று சீல் வைத்தார். அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது என் கணவர்தான். கைப்பிடியைத் தூக்கிவைத்துக் கம்பி கட்டும்படி அவரே கேட்டுக்கொண்டார். கைப்பிடி மேலே நின்றால் உள்ளே தோல் வாஷர் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். கீழே இருந்தால் வாஷர் மேலே ஏறி, காய்ந்து வெடித்துவிடும். ஆய்வாளரும் நல்ல மனிதர், கேட்டபடியே கட்டினார்.

3. தூக்கிய கைப்பிடி, மாடிக்குப் போகும் இரும்பு ஏணியின் குறுக்கே நிற்கிறது. வேறு வழி கிடையாது. மாடி ஜன்னலுக்குக் கம்பி, வெளியே சந்து இரண்டு முழம். பதினைந்து நாள்தானே என்று குனிந்து, உடம்பைத் திருப்பி ஏறி இறங்கினோம்.

4. இன்று நாற்பத்தொன்றாம் நாள். முதலில் எடுத்த தண்ணீர் பாட்டில் உடைந்துவிட்டதாம். சீலை எடுக்கப் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்கிறது ஒரு மேசை. அறிக்கைக்கு அந்தப் பம்பில் அடித்த தண்ணீர் வேண்டும் என்கிறது அடுத்த மேசை. சீலை எடுக்காமல் எப்படி அடிப்பது என்று கேட்டால், இரண்டு மேசையிலும் நாளைக்கு வரச் சொல்கிறார்கள்.

5. கடந்த வெள்ளிக்கிழமை, மாடிக்குக் கேனில் தூக்கிப்போன தண்ணீர் சிந்தி, அதில் என் கணவர் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர், பலகையில் நேராகக் கிடத்தித்தான் இறக்க வேண்டும், மடக்கினால் கால் போய்விடும் என்றார். சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஆட்கள் முக்கால் மணி நேரம் அப்படியும் இப்படியும் முயன்றுவிட்டு, வெறும் ஸ்ட்ரெச்சரோடு திரும்பினார்கள். ஊருக்கெல்லாம் பம்பு போட்ட மனிதர் தன் பம்பைத் தாண்ட முடியாமல் கிடக்கிறார்.

6. கம்பியை அறுத்துவிடு என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். சீலை உடைத்தால் போலீஸ் கேஸ், மாற்று வீடு கொடுப்பதற்கான கணக்கெடுப்பில் எங்கள் வீட்டு எண்ணும் நின்றுபோகும் என்று ஆய்வாளர் அன்றே எச்சரித்திருந்தார். நான் ரம்பப் பிளேடை எடுத்த சத்தம் கேட்டு என் கணவர் மேலேயிருந்து, "ஏட்டி, சீல்ல கைய வச்சிராத. வீட்டு நம்பரு போச்சுன்னா நாம எங்க போவோம்?" என்றார். மேலே போனால் அவர் முனகல், கீழே வந்தால் தங்கள் சீல்.

7. சீலை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. கைப்பிடியைத் தாழ்த்தி, அங்கேயே மறுபடி சீல் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. வாஷர் காய்ந்தால் காயட்டும்.

புதன்கிழமை ஆபரேஷன். அன்று காலை எட்டு மணிக்கு மறுபடி ஸ்ட்ரெச்சர் வரும். அதுவரை தங்கள் ஆளுக்காக வாசலில் நிற்பேன். வராவிட்டால், அவர் பைப் அறுக்கும் பிளேடால் கம்பியை நானே அறுப்பேன். இந்த மனுவையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ளலாம். வழக்கில் என் பெயரை மட்டும் எழுதும்படி கைகூப்பிக் கேட்கிறேன். என் கணவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இணைப்பு: சீல் நோட்டீஸ் நகல், டாக்டர் சீட்டு, மராத்தி மொழிபெயர்ப்பு.

இடம்: தாராவி
நாள்: 10.03.2025, திங்கட்கிழமை

தங்கள் ஆளை எதிர்பார்த்து நிற்கும்,
சொ. அன்னத்தாய்