அட்டையில் இரண்டு பெயர்

இன்று காலை பேத்தி நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாள். அந்த வாசனை அடுக்களை வரைக்கும் வந்தது. கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். டைப் அடிக்கும் மெழுகுத்தாள் ஸ்டென்சிலில் பிழை விழுந்தால் நாம் தடவுவோமே, சிவப்பு மருந்து, அதே வாசனை. உன் ஆள்காட்டி விரல் நுனியில் அது எப்போதும் ஒட்டியிருக்கும். "ஒத்த வெரலுக்கு மட்டும் சாயமா டீச்சர்?" என்று டைப்பிங் படிக்க வரும் பெண்கள் உன்னைக் கேலி செய்வார்கள். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நம் இருவருக்கும் வேலை. ஓய்வு நேரத்தில் அங்கேயே சைக்ளோஸ்டைல் மிஷினில் நகல் எடுத்து, மாதம் எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகை நடத்தினோம். சுற்றுவட்டாரத்தில் பாட்டு, வாத்தியம் என்று இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதுவோம். "பாடுறவங்கள ஊரே கேக்குதுடி. வாசிக்கிறவங்கள யாரு கேக்குறா?" என்பாய். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் பஸ் ஏறினோம், சாக்ஸபோன் வாசிக்கும் அந்தோணிசாமி அண்ணனைப் பார்க்க.

அவருடைய அப்பா அம்மா பிறர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். மாதா கோயில் பேண்டில் ஊதப் பழகி, பம்பாய் போய், ஹோட்டல்களில் பத்து வருஷம் ஜாஸ் வாசித்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பியிருந்தார். வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது என்று, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிக்குள் இறங்கி நின்று பழகிக்கொண்டிருந்தார். நாமும் புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினோம். வெள்ளைத் தூசி முழங்கால் வரை.

"ஜாஸ்னா என்னண்ணே?" என்று நீ நேராகக் கேட்டாய்.

"பாட்டு பாதிதாம்மா. மீதிய நின்ன எடத்துலயே உண்டாக்கணும்."

"நாயனத்துல ராகம் வாசிக்கிற மாதிரியா?"

"கிட்டத்தட்ட. ஆனா இங்க டிரம்ஸ்காரன் குறுக்க பேசுவான். அவன் என்ன சொல்றான்னு கேட்டுட்டுத்தான் நான் பதில் சொல்லணும்."

சுரம் தப்பாக விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "உட்டுட்டு ஓடக்கூடாதும்மா. அதுக்குத் தொணையா இன்னொன்ன வாசிச்சுப்புடணும்" என்று சொல்லி, ஊதியும் காட்டினார். குழியின் சுவர் அதைத் திருப்பிக் கொடுத்தது. நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய்.

கிளம்பும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. அந்த வருஷம் டீக்கடைக்கு டீக்கடை ஒரு கேசட் பாடிக்கொண்டிருந்தது. அரியலூரில் மெல்லிசைக் குழு நடத்திய மாணிக்கம் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பதிவு செய்து விற்றது. அதன் முதல் பாட்டுக்கு முன்னால் வரும் சாக்ஸபோன் மெட்டைச் சின்னப் பிள்ளைகள்கூட முணுமுணுக்கும். "அது என்னோடது. ஒரு கச்சேரில பாடுறவரு வரல, கூட்டம் கத்துது. அப்ப நின்ன எடத்துல வாசிச்சது" என்றார் அண்ணன். கேசட் அட்டையில் இசை என்று மாணிக்கம் பெயர் மட்டும்தான். உடனே குரல் தாழ்ந்தது. "இத எழுதிப்புடாதீங்க. அவருதான் எனக்கு வேல குடுக்குறாரு."

பஸ்ஸில் நமக்குள் சண்டை. உண்மையை எழுதாமல் பத்திரிகை எதற்கு என்றேன் நான். "அவரு சோத்துல நம்ம பேனாவ வெக்கவா?" என்றாய். பஸ் குன்னம் தாண்டியதும் நீயே சொன்னாய்: "அவரு சொன்னத எழுத வேணாம். மாணிக்கத்தையும் போயிக் கேப்போம்."

மாணிக்கம் பந்தாவாகத்தான் வரவேற்றார். கேசட் தயாரிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டாய்: "அந்த மொத மெட்டு எப்படிண்ணே வந்துச்சு?"

அவர் தலை குனிந்தார். "அந்தோணி வாசிச்சது" என்றார். "ஆனா அத வூட்டுக்குக் கொண்டாந்து, பாட்டாக் கட்டுனது நானு. நான் இல்லாட்டி அது அன்னைக்கே காத்துல போயிருக்கும்."

"அதுவும் உண்மைதாண்ணே. அப்ப ரெண்டு பேரும் போடலாமே?"

"அட்டையில எங்கம்மா எடம் இருக்கு?"

கேசட் அட்டையை வாங்கி, அதே அளவுக்கு ஒரு தாள் வெட்டி, ஸ்டென்சிலுக்குப் பழகிய உன் பொடி எழுத்தில் இரண்டு பெயரையும் எழுதி மேசையில் வைத்தாய். இடம் மிச்சமிருந்தது. அவர் முகம் இறுகிவிட்டது. "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

அடுத்த இரண்டு கச்சேரிக்கு அந்தோணிசாமி அண்ணனை மாணிக்கம் கூப்பிடவில்லை என்று தெரிந்தது. நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எழுதாமலே கெடுத்துட்டேன்டி" என்று அழுதாய். மறைக்கக் கூடாது என்று அரியலூர் போய் அவரிடம் நடந்ததைச் சொன்னாய். அவர் கோபப்பட்டார். "ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். நீ தலையாட்டினாய்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவரே இன்ஸ்டிடியூட் வாசலில் நின்றார். "வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று பஸ் ஸ்டாண்டு கேசட் கடைக்கு நம்மைக் கூட்டிப் போனார். அதே கேசட்டுக்குப் புதிதாக அச்சடித்து வந்த அட்டைகள் வரிசையாகத் தொங்கின. இசை: மாணிக்கம், அந்தோணிசாமி. கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று கேட்டார். "பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மாணிக்கம் மறுபடி கூப்பிட்டாராம். ஏன் மனம் மாறினார் என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் யாரைப் பற்றி எழுதினாலும், எழுதியதை அவரவரிடமே முதலில் படித்துக் காட்டினாய். முடிக்கும்போது ஒரு கேள்வி வைப்பாய்: "இதுல வேற யாரு பேரு வரணும்?"

நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் அதைக் கேட்கிறேன். போன மாதம் செட்டிகுளத்தில் கீபோர்டு வாசிக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். யோசிக்காமல் நாலு பேர் சொன்னாள். நாலாவது பெயரை நான் தப்பாக எழுதிவிட்டேன். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதை அவளே எழுதிக் கொடுத்தாள்.