நாக்கில் வெள்ளை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து இடது மார்பு கல்லாகக் கனக்கிறது. ஓரிடம் சிவந்து, தொட்டால் சுடுகிறது. உடம்பெல்லாம் குளிர் நடுக்கம். பாப்பா வாய் வைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தும் கட்டி இறங்கவில்லை.

பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள் பிரித்திகா. கரண்ட் போய்த் தறி நின்றால் உடனே விழித்து அழுவாள். புத்தூர்ப் பெண்தான், சந்தேகமே இல்லை. வலது கையில் அம்மா கட்டிய வசம்பு வளையல், இடது கையில் கருமணி, கன்னத்தில் மைப்பொட்டு. இவ்வளவு காவலோடு அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் ஒரு காவலும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

பால் கட்டிக் கிருமி சேர்ந்திருக்கிறதாம். விட்டால் சீழ் பிடிக்கும், கீற வேண்டி வரும் என்றார் டாக்டரம்மா. ஆன்டிபயாடிக் எழுதினார். பால் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"பாலு ஆபொத்தம்மா."

பாலை நிறுத்தாதே என்று தெலுங்கில் சொன்னார்; நிறுத்தினால் கட்டி இன்னும் மோசமாகும். இது பால் கொடுப்பவர்களுக்கு ஆகிற மாத்திரைதான் என்றார். அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன். எழுந்து கதவருகே போனபோது, சில குழந்தைகளுக்கு வாயில் வெள்ளையாகப் படியும், சிலருக்கு வயிற்றால் போகும், பயப்படாதே, பார்த்துக்கொண்டிரு என்றார். பயப்படாதே என்று கேட்ட பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் எனக்கு செல்போன் கண்ணாடியை விளக்குக்கு அடியில் வைத்துப் புள்ளி தேடுகிற வேலை. பிரசவ லீவில் இருந்தாலும் கண் சும்மா இருக்குமா?

ஜூலை 9, புதன்

அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "மாத்திர துன்னுகினு யாராச்சும் கொயந்தைக்குப் பால் குடுப்பாங்களாடி? ஒடம்புல போறது பால்ல எறங்காதா?"

டாக்டரே சொன்னார் என்றேன். "டாக்டரா பெத்தாங்க?" என்றாள்.

மதியம் மாத்திரையை விழுங்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம். பாப்பாவைத் தூக்கக்கூடக் கை வரவில்லை. தலையணையைத் தூக்கி, எடுத்து விழுங்கினேன். இனி இந்த விளையாட்டு வேண்டாம் நளினி.

ஜூலை 11, வெள்ளி

பாப்பா வாயில் ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

ஜுரம் விட்டது. கட்டி இளகுகிறது. அவள் வாயில் இன்றும் ஒன்றும் இல்லை. கொட்டாவி விட்டால் எட்டிப் பார்க்கிறேன், அழுதால் முதலில் நாக்கைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் சமாதானம் செய்கிறேன். போன் டார்ச்சைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள், பாவம்.

ஜூலை 14, திங்கள்

நாக்கில் வெள்ளை! கொதிக்க வைத்து ஆறிய துணியால் மெல்லத் துடைத்தேன், போய்விட்டது. வெறும் பால். உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். அம்மா ஒருமாதிரி பார்த்தாள்.

ஜூலை 17, வியாழன்

நேற்றோடு மாத்திரை முடிந்தது. இன்று வந்துவிட்டது. கன்னத்தின் உள்பக்கம் தயிர் ஆடை ஒட்டினாற்போல், இரண்டு பக்கமும். துடைத்தால் போகவில்லை. ஓரத்தில் சிவப்பாக இருக்கிறது. இரண்டு வாய் குடித்துவிட்டு உதறி அழுகிறாள்.

நான்தானே துன்னேன் அந்த மாத்திரைய. என் வலிக்கு நான் துன்னேன், இந்த வாயில வந்து நிக்குது. வேற யாரைக் கேக்கறது?

ஜூலை 18, வெள்ளி

டாக்டரம்மா பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சொட்டு மருந்து, பால் குடித்த பிறகு வாயில் தடவ வேண்டும்.

என் வீட்டுக்காரர் பரணியிடம் சொன்னேன். வேலை பார்க்கும் திருப்பதி லாட்ஜின் ரிசப்ஷனில் இருந்தபடியே போன் பேசினார். பின்னால் யாரோ வெந்நீர் கேட்டுக் கத்துகிறார்கள். "எல்லாக் கொயந்தைக்கும் வர்றதுதானாம் நளினி, கூகுள்ல போட்டுக்கிறான்." கூகுள் வந்து இவள் வாயைப் பார்த்ததா?

ஜூலை 23, புதன்

வெள்ளை போய்விட்டது. நன்றாகக் குடிக்கிறாள். மருந்து போதும் என்று நிறுத்திவிட்டேன்.

ஜூலை 26, சனி

மறுபடி வந்திருக்கிறது. எனக்கும் மார்க்காம்பில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல். அவள் குடிக்கும்போது எனக்கு அழுகை, குடிக்காதபோது அவளுக்கு. மூத்திரத் துணி முன்போல் நனைவதில்லை. கை மெலிந்திருக்கிறதா? எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

அம்மா கடைக்குப் போய் டப்பா பால் வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இந்த வெள்ளை போகாவிட்டால் பால் கொடுப்பதே நின்றுவிடும். அவள் வாய் வைக்க மாட்டாள், எனக்கு மறுபடி கட்டும். அலமாரிப் பக்கம் பார்க்காமலே நடமாடுகிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று அம்மாவும் நானும் பாப்பாவோடு திருப்பதிக்குப் போனோம், குழந்தை டாக்டரிடம். பரணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். எங்கள் முறை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ரிசப்ஷன் பெண் பெருமாள் படத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தமிழ்க்காரர், வேலூர்ப் பக்கம். மருந்தை இடையில் நிறுத்தியது தப்பு என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார்; உள்ளே இருந்த லேடி டாக்டர் களிம்பு கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்ய வேண்டுமாம்; இல்லையென்றால் அவளிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவளுக்கு என்று போய்வந்துகொண்டே இருக்கும்.

"வாயில வேற எதாச்சும் போகுதா? பாட்டில், ரப்பர், தேன்?"

இல்லை என்றேன். அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க எதாச்சும் வைக்கிறீங்களாம்மா?"

அம்மா பாப்பாவின் துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 2, சனி

எனக்கு எரிச்சல் குறைந்துவிட்டது. அவளுக்கு இடது கன்னம் சுத்தம். வலது கன்னத்தில் மட்டும் அப்படியே இருக்கிறது. துணியெல்லாம் கொதிக்க வைக்கிறேன், கையைச் சோப்புப் போட்டுப் போட்டு விரல் வெடித்திருக்கிறது. இன்னும் என்னதான் செய்யவில்லை நான்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மதியம் கரண்ட் போனது. தறி நின்றது. அழப் போகிறாள் என்று ஓடினேன். அழவில்லை. விழித்துக்கொண்டு, வலது கையை வாய்க்குக் கொண்டுபோய், வசம்பு வளையலை வலது கடைவாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். எச்சிலில் ஊறிய கறுப்புக் கயிறு. பேர் வைத்த நாளில் கட்டியது, ஒரு நாளும் கழற்றியதில்லை, ஒரு நாளும் காய்ந்ததுமில்லை.

உலகத்தில் உள்ள அத்தனையையும் கொதிக்க வைத்தேனே!

டாக்டருக்குப் போன் செய்தேன். அதனாலும் இருக்கலாம், முதலில் கழற்றுங்கள் என்றார். அம்மாவிடம் போனேன். "டாக்டர் கேட்டாரே, ஏம்மா சொல்லல?"

"வெளக்கு வெச்ச நேரம்டி. அப்ப அதும் பேர சொல்லுவாங்களா?"

இருட்டிய பிறகு வசம்பின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எனக்கும் தெரிந்ததுதானே.

"பேரச் சொல்லாட்டி போகுது, கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம் இல்ல?"

அம்மா பாத்திரம் துலக்கப் போனாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "காட்டினா கயட்டுன்னு சொல்லுவாரு. ஒனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். டவுனு ஆஸ்பத்திரின்னு நான் ஒண்ணும் கட்டல. மாசம் திரும்பறதுக்குள்ள போய்ட்டான். உங்க நைனாகூட அவன் பேச்ச எடுக்கமாட்டாரு."

எனக்கு முன்னால் ஒரு அண்ணன். இந்த வயதில், ஈரக் கையோடு நிற்கும் அம்மாவிடமிருந்து தெரிந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கத்திரிக்கோலை எடுத்து, மறுபடி வைத்துவிட்டேன். அம்மாவுக்காக மட்டும் இல்லை. அறுத்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? வசம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். தெரிந்தும் அறுக்க முடியவில்லையே. மாத்திரை துன்னாலும் பயம், துன்னாட்டியும் பயம். கட்னாலும் பயம், அவுத்தாலும் பயம். அம்மா ஆவதென்றால் இதுதானா?

அம்மாவுக்கு இத்தனை வருஷம் இப்படித்தான் இருந்திருக்கிறது.

வளையலை இழுத்து முழங்கைக்கு மேல் ஏற்றி, துணியால் சுற்றி வைத்திருக்கிறேன். அதுவரைதான் தெம்பு வந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை கழற்றக் கூடாது என்றாள் அம்மா. நாளைக்குக் கழற்றலாம் என்று அதற்கு அர்த்தமா? கேட்கப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் அம்மா குளித்து, தலைகூட உலராமல் வந்தாள். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டாள். "பகல்தான், சொல்லலாம்," என்றாள். "வசம்பு. வசம்பு. வசம்பு." யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. தன் கையாலேயே அறுத்தாள். தூக்கிப் போடவில்லை, கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்து, பாப்பா தூங்கும் ஏணையின் கயிற்றில், கைக்கு எட்டாத உயரத்தில் கட்டினாள். "அங்கிருந்து பாத்துக்கட்டும்."

நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். "இன்னாடி இது, கொயந்த பயந்துக்கப் போது," என்றாள். அவளும்தான் அழுதாள்.

ஆகஸ்ட் 9, சனி

வலது கன்னத்தில் ஓரமாகக் கொஞ்சம்தான் இருக்கிறது. இந்த முறை சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தப் போவதில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டப்பா பாலைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், பிரிக்கவே இல்லையே. அதற்குப் பதில் சோப்பு வாங்கி வந்தாள் அம்மா. பாப்பாவின் மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது, அதை அம்மா அடிக்கடி தடவிப் பார்க்கிறாள். பரணி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

பாப்பா இரண்டு பக்கமும் வயிறு முட்டக் குடித்து, பெரிதாகக் கொட்டாவி விட்டு, தூங்கிவிட்டாள். தறி ஓடுகிறது.

எழுதும்போதுதான் உறைக்கிறது — கொட்டாவி விட்டபோது நான் எட்டிப் பார்க்கவில்லை.