நாற்பத்தோராவது பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம்தான்.

பல்கலைக்கழகத்துல மாணவர்களோட கம்ப்யூட்டர் கோளாறைச் சரிசெய்யற பிரிவுல பகுதிநேரமா இருக்கேனே, அங்கே இந்த வருஷத்துக்கான புதுத் திட்டங்களை அறிவிச்சாங்க. முதல் திட்டமே, படிப்பை விட்டவங்களோட மின்னஞ்சல் கணக்கை மூடறதுதான். அந்தப் பட்டியலை மேலாளர் என்கிட்டயே கொடுத்தார். நாற்பத்தோராவது பெயர் என்னோடது.

"தப்பா வந்திருச்சாப்பா?"ன்னு கேட்டார்.

"இல்ல சார், சரிதான். பாடம் மண்டையில ஏறல. மூணு மாசமா வகுப்பு வாசலையே மிதிக்கல"ன்னு சிரிச்சேன். அவர் சிரிக்கல.

என்னோடதை நானேதான் மூடினேன். மாணவனா இல்லாதவனுக்கு இங்கே வேலையும் கிடையாது, வெள்ளிக்கிழமையோட சரி.

அம்மாகிட்ட இப்போ சொல்லாதீங்க. பழைய மின்னஞ்சலுக்கு எழுதாதீங்க, வராது. மேலாளர் கூப்பிடறார், அவசரமா முடிக்கறேன். போன் பண்ணுங்கப்பா, திட்டறதுக்காவது.

உங்க மகன்