பட்டுக் கை, டீசல் கை

இன்று காலை அத்தை என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "சின்னவளே, சாப்டியா?" என்று கேட்டார்.

சின்னவள் நீ. இந்த வீட்டின் சின்ன மருமகள், எனக்கு ஓரகத்தி. நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, மூக்கு மட்டும் பழையபடியே இருக்கிறது. கொட்டகையில், நேற்று சாயங்காலம் நிரப்பாமல் விட்ட டிராக்டருக்கு டீசல் எடுத்துக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தறி அறைப் பக்கம் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், "கையக் காட்டு" என்றார். காட்டினேன். சீயக்காயும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்த பிறகும் வாடை அவருக்குப் பிடிபட்டுவிட்டது. உடனே அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் என் கையை எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறார். ஒருநாளும் அந்த முகம் எனக்காக அப்படி மலர்ந்ததில்லை. சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இறந்துபோனவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். வயிறு எரிந்தது.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியாததல்ல. ஆரணியில் பட்டுத் தறி, பெரணமல்லூர் சாலையில் நெல் வயல், இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிற குடும்பம். பட்டு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். கல்யாணப் புடவையைப் பிரிக்கும்போது டீசல் நாற்றம் அடித்தால் அந்தக் கடைக்காரர் அப்புறம் நம் தெருப் பக்கம் வரமாட்டார். அதனால் டீசலைத் தொட்ட கை அன்றைக்குத் தறியைத் தொடக் கூடாது. பி.காம். முடித்து இங்கே மருமகளாக வந்து நெசவு பழகிய என் கை பட்டுக் கை. உன் கை டீசல் கை.

உனக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை, நீயே எடுத்துக்கொண்டாய். வந்தவாசிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த சில நாட்களிலேயே கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, டீசல் டிரம்ம வெயில்ல போட்டு வறுத்துகினு கீறீங்க?" என்றாய். மாமா சிரித்த சிரிப்பு தறி அறை வரைக்கும் கேட்டது. அவர் எதிரில் நான் வாய் திறக்கவே பயந்துகொண்டிருந்த காலம் அது.

சாயங்காலமே டிரம் கொட்டகை நிழலுக்குப் போனது. கல் மேல் ஏற்றி, டீசல் எடுக்கிற பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினாற்போல் வைக்கச் சொன்னாய், தண்ணீரும் கசடும் மறுபக்கம் போய்த் தங்கட்டும் என்று. மாமா அதுவரை டியூபை வாயால் உறிஞ்சித் துப்பித்தான் டீசல் எடுப்பார். கைப்பம்ப் வாங்க வைத்தாய். அவர் பீடியோடு உள்ளே வந்தால், "பீடியா டீசலா மாமா? ரெண்டுல ஒண்ணுதான் இங்க" என்று வாசலிலேயே மறிப்பாய். சிந்தினால் மேலே கொட்டுவதற்கு ரைஸ் மில்லிலிருந்து ஒரு மூட்டை உமி வந்து மூலையில் உட்கார்ந்தது. டிராக்டர் டேங்கைக் காலையில் நிரப்பக் கூடாது, வேலை முடிந்து வந்ததும் நிரப்பிவிட வேண்டும், காலி டேங்க் ராத்திரிக் குளிரில் வியர்த்துத் தண்ணீர் விடும் என்றாய். அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் வீட்டுக்காரரைக்கூட விட்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரர், தறிக்கு நூல் வந்ததா என்றுகூட என்னிடம் விசாரிக்காத மனிதர், கொட்டகை வாசலில் நின்று, "நேத்து ஊத்தினது தெளிஞ்சிருக்குமாம்மா? இன்னிக்கு எடுக்கலாமா?" என்று உன்னிடம் பணிவாகக் கேட்பார். எனக்கு டிசைன் கடையிலிருந்து வரும், நெய்து கொடுக்க வேண்டும். புடவையில் வரும் மயிலின் கண்ணுக்கு என்ன நிறம் என்பது மட்டும் என் இஷ்டம். தறியில் நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்புகிற இடைவெளியில் உங்கள் சிரிப்புச் சத்தம் வரும். எழுந்து போய்ப் பார்க்கலாமென்றால் வாடை ஒட்டிக்கொள்ளும், அன்றைய வேலை போய்விடும். உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் நீ தறி அறை வாசலுக்கு வருவாய். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நிற்பாய். "அக்கா, இந்த மயிலுக்குக் கண்ணு இன்னா கலர் போட்ட?" என்பாய். ஒவ்வொரு புடவைக்கும் இதே கேள்வி. என்னைச் சீண்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். "உள்ள வந்து பாரேன்" என்பேன், உன்னால் முடியாது என்று தெரிந்தே. நீ சிரித்துவிட்டுப் போவாய். பின்னாலேயே அத்தையின் குரல் போகும்: "சின்னவளே, சாப்டியா?"

ஓர் அறுவடைச் சமயம் நீ காய்ச்சலில் விழுந்தாய். வண்டி மறுபடி வயலுக்குப் போக வேண்டும். டீசல் நான் எடுக்கிறேன் என்று நானே போய்ப் பம்பைப் பிடித்தேன். அன்றைக்குத் தறி நின்றாலும் பரவாயில்லை என்றிருந்தது. நீ போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடியே எழுந்து வந்து டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாய்.

"நீ பட்டுக் கை. போக்கா."

"உன் டிரம்ம நான் ஒண்ணும் தின்னுடமாட்டேன். படுடி போயி."

"டிரம்ம வேணா எடுத்துக்க. தறிய எனக்குக் குடுப்பியா?"

காய்ச்சலில் உளறுகிறாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். உளறலில்லை. கண் தெளிவாக இருந்தது. வாயைத் திறந்திருந்தால் 'மாட்டேன்' என்றுதான் வந்திருக்கும். பம்பை உன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதைப் பற்றி நாம் மறுபடி பேசவேயில்லை.

போன வருஷம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டு ஆண்கள் டிரம்மைத் தூக்கிவிடலாம், இனிமேல் வண்டியை பங்க்குக்கே ஓட்டிப்போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று பேசினார்கள். பகலில் தறி, சாயங்காலம் டீசல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன்? உன் நினைவுக்காக என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். உன் இடம் எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இடம் கிடைத்தது. கூடவே நீயும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய். டிரைவர் நேற்று முன்தினம் தலையைச் சொறிந்துகொண்டு, "கோச்சிக்காத பெரியக்கா. சின்னக்கா எடுத்தா ஒரு சொட்டு சிந்தாது. நீ எடுத்தா உமி மூட்டைக்குதான் பேஜார்" என்றான்.

"அப்ப மேல போயி அவளையே ஊத்தச் சொல்லிக் கேளு" என்றேன். சிரித்தான். அப்புறம் உமியை அள்ளி வந்து தரையில் போட்டான்.

இன்று காலை அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். நான் பெரியவள் அத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்த முகம் அணைந்துவிடும். "சாப்டேன் அத்தை" என்றேன். "அப்ப நிக்காத, போ. உள்ள பட்டு கீது" என்று என் கையை விட்டார்.

போகவில்லை. நிலைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தேன். என் தறி, நான் பாதி நெய்து வைத்திருக்கும் முந்தி. என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. அங்கிருந்து பார்த்தால் மயில் தெரிகிறது, தோகை தெரிகிறது. கண் தெரியவில்லை. எவ்வளவு எட்டிப் பார்த்தும் தெரியவில்லை. நீ சீண்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டிருக்கிறாய். இந்த வீட்டில் என் தறியைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்ட ஒரே ஆள் நீ.

உன்மேல் உள்ள பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு அத்தை மறுபடி உன்னைத்தான் கூப்பிடுவார், எனக்கு மறுபடி எரியும். நீயே எதிரில் வந்து தறியைக் கேட்டாலும் கொடுப்பேனா, தெரியவில்லை.

ஆனால் இந்த மயிலுக்குக் கண் அரக்கு நிறம். நான்தான் போட்டேன்.