எட்டாவது வெடிச் சத்தம்

துடியலூர்,
19-3-1995

அன்புள்ள மாப்பிள்ளை தமிழ்வேந்தனுக்கு,

நஞ்சப்பன் எழுதுவது. இங்கே நான், பழனியாத்தாள், பிள்ளைகள், உன் வீட்டில் பொற்கொடி எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அங்கே வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே மட்டும் என்ன ஊட்டியா? தை முடிந்ததிலிருந்து ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லை. அதனால் நமக்கு வேலைக்குக் குறைவில்லை. தோட்டக்காரர்கள் கிணற்றை ஆழமாக்க வரிசையில் நின்று கம்ப்ரசர் வண்டியைக் கூப்பிடுகிறார்கள்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. வண்டியை ஈரோட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார், சித்திரைக்குள் பேசி முடித்துக் கொடுத்துவிடு, அதுவரை பொற்கொடிக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை கோபம் வந்தது. கோபத்தோடு எழுதினால் கன்னாபின்னாவென்று வருமே என்று ஐந்து நாள் ஆறப்போட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முழுசாக ஆறவில்லை, பொறுத்துக்கொள்.

உன் சித்தப்பா உனக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். காரமடைத் தேருக்கு வந்தவர், மேட்டுப்பாளையம் ரோட்டில் பொற்கொடி நம் கம்ப்ரசர் டிராக்டரை ஓட்டி வருவதைப் பார்த்தார். தேரைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னிடம் வந்து, ஆம்பளைகளுக்கு நடுவில் நம் வீட்டுப் பெண் வண்டி ஓட்டினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். நான் விசாரித்தவரை பேசுகிற அந்த நாலு பேரில் முதல் ஆள் அவர்தான். அவர் பார்த்தது அரை நிமிஷம். நான் எட்டு மாசமாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். யார் பேச்சை நம்புவது என்று நீயே முடிவு செய்துகொள்.

நீ வைகாசியில் விமானம் ஏறினாய். நீ வைத்துவிட்டுப் போன டிரைவர் இரண்டாம் மாசமே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். வண்டி பத்து நாள் வாசலில் சும்மா கிடந்தது. பதினோராம் நாள் பொற்கொடியே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். இத்தனை வருஷம் நம் கிணறுகளில் கல் சுமந்தவள், சுமந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள். இதெல்லாம் உனக்கும் தெரியும். அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

உன் காலத்தில் நாம் வண்டியை எப்படி வைத்திருந்தோம் என்று நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. காலையில் போனோம், பாறை குடைகிற ட்ரில்லில் காற்று ஹோஸை மாட்டினோம், காற்றைத் திறந்தோம், அவ்வளவுதான். பொற்கொடித் தங்கச்சி அப்படி விடுவதில்லை. முதலில் காற்று டாங்கியின் அடிக்குழாயைத் திறந்து தேங்கின தண்ணீரை வடிப்பாள். ட்ரில்லில் மாட்டுவதற்கு முன்னால் ஹோஸின் முனையை ஆளில்லாத பக்கம் பிடித்துக் காற்றை விட்டு உள்ளே இருக்கும் மண்ணை ஊதித் தள்ளுவாள். நடுவில் இருக்கிற எண்ணெய்ச் சட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காமல் வால்வைத் தொடவே மாட்டாள். எண்ணெய் இல்லாத காற்று ட்ரில்லின் உள்பாகத்தைத் தின்றுவிடும் என்று லேத்துக்காரர் சொன்னாராம். நாம் வருஷத்துக்கு இரண்டு பிஸ்டன் மாற்றினோமே, நினைவிருக்கிறதா? இந்த எட்டு மாசத்தில் ஒன்றுகூட மாற்றவில்லை.

என்னையும் அவள் விடுவதில்லை. காதில் பஞ்சு, மூக்கில் ஈரத்துண்டு இல்லாமல் கிணற்றில் இறங்கக் கூடாது. தொடையை ட்ரில்மேல் போட்டு அழுத்தக் கூடாது. முக்கால் மணிக்கு ஒரு தரம் கூட ட்ரில் பிடிக்கிற ஆல்வினிடம் மாற்றிவிட வேண்டும். என் விரல்கள் காலையில் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்ததைப் பழனியாத்தாள் இவளிடம் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து மேலே நின்று கடிகாரம் பார்க்கிறாள். சமயத்தில் எனக்கு எரிச்சலாக வரும். பன்னிரண்டு வருஷமாக ட்ரில் பிடிக்கிறவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று மனசுக்குள் கறுவிக்கொள்வேன். அந்தக் கறுவல் என்ன செய்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை, பழனியாத்தாளிடம்கூட.

மாசிக் கடைசியில் வேங்கடசாமி நாயுடு தோட்டத்துக் கிணறு. நாற்பதடி ஆழம், அடியில் கரும்பாறை. மேலே இரண்டு ஏக்கர் வாழை தலை தொங்கி நிற்கிறது. நாயுடுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டுக் குழி போட்டோம். வெடி லைசென்ஸ்காரர் ராமுலு வந்து மருந்து வைத்து, அதன்மேல் மண் இடித்து அடைத்து, திரி கொளுத்திவிட்டு மேலே வந்தார். நாங்கள் தென்னந்தோப்புக்குள் ஒதுங்கினோம். வெடி வெடிக்க வெடிக்கப் பொற்கொடி ஒரு கையில் வைத்திருந்த எட்டுக் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக மறு கைக்கு மாற்றிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு கல் பழைய கையிலேயே நின்றுவிட்டது.

அவள், ஏழுதானுங்ணா கேட்டுச்சு, ஒண்ணு கொறையுதுங்க என்றாள். இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்றேன் நான். ராமுலுவும் இருக்கலாம் என்றார். நாயுடு உடனே இறங்கச் சொன்னார். பொற்கொடி சம்மதிக்கவில்லை. இன்னைக்கு யாரும் எறங்க வேண்டாமுங்க, காலையில கல்ல அள்ளிப்போட்டு எட்டுக் குழியவும் பாத்தாத்தான் காத்துத் தொறப்பேன் என்று சொல்லி வண்டியை நிறுத்திவிட்டாள். நாயுடு முகம் சுண்டிவிட்டது. எனக்கும்தான். ஒரு நாள் கூலி போகிறது என்பதைவிட, நான் சொன்ன பிறகும் இவள் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் காலையில் ராமுலு வர நேரமானது. கல்லை அள்ளி முடித்தோம். மேலேயிருந்து எட்டையும் பார்த்தாச்சுங்களா என்று கேட்டாள். பார்த்தாச்சு அம்மணி, எல்லாம் வெடித்துவிட்டது என்று சொன்னேன். மாப்பிள்ளை, நான் பார்க்கவில்லை. ஆறு குழியைப் பார்த்தேன். மற்ற இரண்டும் சகதிக்குள் இருந்தன. குனிந்து கழுவிப் பார்க்க வீம்பு விடவில்லை. என்னை நம்பி அவள் காற்றைத் திறந்துவிட்டாள்.

கிழக்கு மூலையில் பாறை சரிவாக இருந்தது. ட்ரில்லின் முனை ராடு நிற்கவே மாட்டேன் என்று வழுக்கியது. ஒரு ஜாண் தள்ளி நேற்றைய குழி ஒன்று சகதியோடு வாய் திறந்து கிடந்தது. அதில் ராடை வைத்துவிட்டால் வழுக்காது, பாதி வேலை மிச்சம். வெடித்து முடிந்த குழியின் அடிதானே என்று நீயும் நானும் எத்தனை கிணற்றில் அப்படி வைத்திருக்கிறோம். வைத்தேன். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று ட்ரில் செத்துவிட்டது. கையில் துடிப்பே இல்லை. மேலே பார்த்து, காற்று என்னாச்சு என்று கத்தினேன். பொற்கொடி கிணற்று ஓரத்தில் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. ஏனுங்ணா, ராட உருவாதீங்க. இருக்கறபடியே உட்டுப்போட்டு ஆல்வினையும் கூட்டிக்கிட்டு மேல வாங்க என்று சொன்னாள். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, ஏறிவிட்டேன்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? புதுக் குழி தொடங்கும்போது ராடு பாறைமேல் தத்தும், காற்று விட்டுவிட்டு இழுக்கும், கம்ப்ரசர் முக்கி முக்கி ஓடும். அன்றைக்கு முக்கவே இல்லை. நாற்பதடிக்கு மேலே, அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே, நான் பழைய குழியில் வைத்துவிட்டேன் என்று அவள் சத்தத்திலேயே கண்டுபிடித்து வால்வைச் சாத்தியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் ட்ரில் பிடித்த எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

ராமுலு வந்தார். எங்களைத் தூரமாக நிறுத்திவிட்டுத் தனியாக இறங்கினார். ட்ரில்லை அலுங்காமல் விலக்கி, குழிக்குள் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவினார். மண் கரைந்து வந்ததும் உள்ளே வெடிமருந்துத் தோட்டா முழுசாக இருந்தது. தாம் இடித்த மண்ணின் அளவு அவருக்குத் தெரியும். ராடு முனைக்கும் மருந்துக்கும் நடுவே நாலு விரல் மண்தான் பாக்கி இருந்தது என்று சொன்னார். புது வெடிக் கேப் வைத்து மறுபடி திரி கொளுத்தினார். அது வெடித்துப் புகை அடங்கியதும் கிணற்றோரம் போய் எட்டிப் பார்த்தேன். நான் நின்றிருந்த கிழக்கு மூலை இருந்த இடமே தெரியவில்லை.

நாயுடு தாமே இளநீர் வெட்டிக்கொண்டு வந்து முதலில் பொற்கொடியிடம் நீட்டினார். நீங்க எப்பச் சொல்றீங்களோ அப்பச் செஞ்சாப் போதும் அம்மணி என்றார். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் வண்டியில் வரும்போது ரோட்டைப் பார்த்தபடியே, வீட்ல இருக்கற அக்காகிட்டப் போயி நான் என்னன்னு சொல்லியிருப்பேனுங்ணா என்று மட்டும் கேட்டாள். எனக்கு ஏழு வயது மூத்த அக்காள் இருந்து என்னை வளர்த்திருந்தாலும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். இவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள்.

இப்போது நான் அவள் சொன்னதற்கு எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. பயத்தால் அல்ல, மரியாதையால். சுற்று வட்டாரத்தில் வேறு நாலு கம்ப்ரசர் வண்டி ஓடுகிறது. போன வருஷம் அந்த வண்டிகளில் ஒருவனுக்குக் கண் போயிற்று, ஹோஸ் கழன்று அடித்து ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது. நம் வண்டியில் இணைப்புக்கு இணைப்பு சங்கிலி போட்டிருக்கிறாள். காற்றை முழுசாக இறக்காமல் ஒரு இணைப்பையும் கழற்ற விட மாட்டாள். எட்டு மாசத்தில் ஒருவனுக்கு ஒரு கீறல் கிடையாது. ஆல்வினின் வீட்டுக்காரி மெர்சி, பொற்கொடி வண்டி என்றால்தான் அவனை வேலைக்கு அனுப்புகிறாள். உன் பெயரில் இருக்கிற வண்டிக்கு ஊரில் என்ன பெயர் ஆகிவிட்டது பார்த்தாயா?

நீ ரோஷப்பட்டு மட்டும் அப்படி எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தூரத்தில் இருக்கிறவனுக்குப் பயம் பெரிதாகத் தெரியும். ஆனால் வண்டியை விற்றால் அவள் மறுபடி யாருடைய கிணற்றிலோ கல் சுமக்கப் போவாள். வீட்டில் சும்மா இருக்கிற ரகம் இல்லை, அது உனக்கே தெரியும். அங்கே கூழாங்கல்லை எண்ணுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். எண்ணினாலும் கல் சுமக்கிறவள் சொல்லி யார் காற்றை நிறுத்துவார்கள்?

ஈரோட்டுக்காரர் வந்தால் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பப் போகிறேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று தபால்காரர் என் கையில் கொடுக்கும்போது பொற்கொடி எதிரில்தான் நின்றாள். நான் படித்து முடித்ததும், என்னைப்பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காருங்களா என்று கேட்டாள். நீ வண்டியை நன்றாக ஓட்டுவதைக் கேள்விப்பட்டு அவனுக்குப் பெருமை பிடிபடவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிக்கொண்டாள். துடைத்து முடித்த கம்ப்ரசர் மூடியை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் அவளிடம் சொன்ன இரண்டாவது பொய் இது. முதல் பொய்யில் என்ன ஆகவிருந்தது என்று எழுதிவிட்டேன். இதை மெய்யாக்க என்னால் ஆகாது, உன்னால்தான் ஆகும். ஒரு பக்கம் போதும். என் பெயருக்கு வேண்டாம், அவள் பெயருக்கே எழுது.

நீ நோய்நொடியில்லாமல் இருந்து நல்லபடியாக வீடு வந்து சேர ரங்கநாதர் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
எனக்குத் தங்கையான உன் மனைவியால் காப்பாற்றப்பட்டவன்,
நஞ்சப்பன்