மாலை இறங்கிய மறுநாள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கடிதத்தைப் பிரித்ததும் நீ அதைத்தான் தேடுவாய். நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, மணிக்கட்டு வலிக்கிறதா? முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கும்போது அந்தக் கையை ஊன்றாதே, கூட இருக்கும் நர்ஸை உதவிக்குக் கூப்பிடு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பா நிஜமாவே மாறிட்டாராம்மா, லீவு போட்டுட்டு வரட்டுமா என்று கேட்டாய். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே பதில் சொன்னால் வா என்றுதான் வாயில் வரும், மூன்று வருஷமாகப் பார்க்காத முகம். அதனால் அவர் கழுத்திலிருந்து மாலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன். இறங்கிவிட்டது.

இந்த வருஷமும் விரத மாதம் பிறப்பதற்கு முன்பே வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். மீன் சட்டியையும் முட்டை வேகவைக்கிற பாத்திரத்தையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன், வெங்காயம் பூண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். விடியுமுன் அவர் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வரும்போது நான் அதற்கு முன்பே குளித்து விளக்கேற்றி வைத்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான், அந்த ஒரு வேளைக்கு எனக்கு மூன்று வேளை வேலை. சாயங்காலம் பஜனைக்கு வருகிற சாமிமார்களுக்கும் சேர்த்துப் பொங்கி இறக்க வேண்டும். விரதம் அவருடையது, அடுப்பு என்னுடையது. ஆனாலும் அந்த மாதத்துக்காக நாம் இரண்டு பேரும் எப்படிக் காத்திருப்போம் என்று உனக்குத் தெரியும். நீ உன் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வந்ததெல்லாம் அந்த மாதத்தில்தான். குடி இல்லை, கை ஓங்குவது இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மாலை போட்டவர் பெண்களை எல்லாம் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதால் என்னையும் அம்மா என்பார், அம்மா கொஞ்சம் தண்ணி தர்றீங்களா என்று கேட்பார். மற்ற மாதங்களில் எனக்கு என்ன பெயர் என்று நான் எழுத வேண்டாம். இந்த வருஷம் வாசலில் எறும்பு வரிசையைப் பார்த்துத் தாண்டிப் போனார், செருப்பில்லாத காலோடு. மாடிப்படிப் பூனைக்குப் பால் ஊற்றினார். அது அவர் தலை மறையும் வரை படிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்து பிறகுதான் வந்து குடித்தது. அதற்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது, பாவம்.

எதிர்வீட்டு அக்கா வழக்கம்போல, உனக்குக் குடுத்து வச்சிருக்குடி, சாமி மாதிரி புருஷன் என்றாள். ஆமாக்கா, சாமி மாதிரிதான், வருஷத்துக்கு ஒரு தடவைதான் தரிசனம் என்றேன். அவள் சிரித்துவிட்டு, உனக்கு வாய் ரொம்பத்தான் என்று போய்விட்டாள். யாரிடமும் நான் அதற்கு மேல் பேசுவதில்லை. நடுவில் எனக்கு வீட்டுக்கு விலக்கு வந்தது. மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் அந்த நாட்களில் நான் இருக்கக் கூடாது இல்லையா, முன்பெல்லாம் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன், நீ தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவாய். இந்த வருஷம் குருசாமி அதுகூட ஆகாது என்று சொல்லிவிட்டார், அவர்தான் இந்தக் கூட்டத்துக்கு மூத்தவர், அவர் வைத்ததுதான் சட்டம். எங்கே போவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது சலவைக் கடை முதலாளியம்மா மாடி அறைச் சாவியைக் கொடுத்தார். நான் துணி அளவு குறைத்துத் தைக்கிற மெஷினுக்கு நேர் மேலே இருக்கிற அறை, பழைய ஹேங்கர் பெட்டிகள், ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஏறி வருவதால் தரை வெதுவெதுப்பாக இருக்கிறது. உள்ளே ஒரு தாழ்ப்பாள். அந்த அறையில் லைப்ரரி புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்தேன். காலடிச் சத்தம் கேட்டு விழிக்காமல் தூங்கினேன். தீட்டு என்று என்னை வெளியே அனுப்பிய நாட்களில்தான் எனக்கு நிம்மதி கிடைத்தது என்பதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

கோயிலுக்குப் புறப்படுமுன் நடந்த பூஜையை நீ வீடியோவில் பார்த்தாய், யாரோ உனக்கு அனுப்பிவிட்டார்கள். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று குருசாமி சொல்ல, உன் அப்பா அத்தனை பேர் நடுவில் என் காலில் விழுந்தார். பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளி, எழுந்திருக்கச் சொல்லுடி, சாமி கால்ல விழுந்தா உனக்குத்தான் பாவம் என்றாள். எழுந்திருங்க சாமி என்றேன். மன்னித்தேனா இல்லையா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. பிறகுதான் அவர் உன்னைப் பற்றிப் பேசினார், என் பொண்ணு கையை நான் உடைச்சேன், அவ வரணும், அவ கால்லயும் விழணும் என்று. கூடம் முழுக்க அழுதது. அது பொய் அழுகையா என்று நீ கேட்டாய். பொய் இல்லை பாப்பா. பொய்யாக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். அன்றைக்கு அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மாலை இறங்கின மறுநாள், ஒரே ஒரு நாள், மாலை இல்லாமல், சாமிக்காக இல்லாமல், எனக்காக இதேபோல இருக்க முடியுமா என்று. அப்படி இருந்தால் உன்னை வரச்சொல்லி எழுதலாம் என்று எண்ணியிருந்தேன், அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அது பரீட்சை ஆகிவிடும். அவர் முகமெல்லாம் மலர்ந்து, இதென்னம்மா பெரிய விஷயம், ஒரு நாள் என்ன, ஆயுசு முழுக்க இருக்கேன், சத்தியம் என்றார்.

தரிசனம் முடித்து வந்தார்கள், பஜனைக் கூடத்தில் குருசாமி எல்லோருக்கும் மாலையை இறக்கினார். மறுநாள் காலை நான் பயந்துகொண்டே இருந்தேன், ஆனால் ஒன்றும் இல்லை, தூங்கி எழுந்து தாடியை மழித்துக்கொண்டு வேலைக்குப் போனார். தாடிக்கு அடியிலிருந்து பழைய முகம் வந்தது, அவ்வளவுதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கடையில் அன்றைக்குத் தைத்ததை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். சாயங்காலம் அவரும் கூட பஜனை பாடிய மூன்று பேரும் வந்தார்கள், நாலு பேருக்கும் மழமழவென்று முகம், கையில் செய்தித்தாள் சுற்றிய பாட்டில்கள், ஒரு பையில் மீன். நேற்று வரை அம்மா என்ற வாய், ஏய், அந்த மீன் சட்டியை இறக்கு என்றது. இன்னைக்கு ஒரு நாள் எனக்குன்னு சொன்னீங்களே என்றேன், மெதுவாகத்தான் சொன்னேன், மற்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. அதில் ஒருவர், என்ன சாமி, விரதத்துக்கு ஓவர்டைம் வேற உண்டா, அண்ணி சம்பளம் தருவாங்களா என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா என்னைப் பார்த்தார். மறந்துபோனவர் பார்வை இல்லை, நன்றாக ஞாபகம் இருந்தது. சாமிக்குப் பயந்து இருந்தேன், உனக்கு என்னத்துக்குடி பயப்படணும் என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அது இத்தனை தெளிவாகக் காதில் விழுந்திருக்காது. நான் நாற்காலி போட்டு ஏறிச் சட்டியை இறக்கி, சாக்கை அவிழ்த்து, கழுவி அடுப்பில் வைத்தேன். பிறகு இரண்டு புடவையும் லைப்ரரி புத்தகமும் உன் பள்ளிக்கூடப் போட்டோவும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். சட்டியில் என்ன ஆனது என்று தெரியாது. முதலாளியம்மா சாவியைத் தந்துகொண்டே, மாலையைத்தான் கழட்டியாச்சே, இன்னும் எதுக்கு இங்க என்று கேட்டார். அதனாலதான்க்கா என்றேன். அவர் இன்னொரு போர்வையையும் எடுத்துத் தந்தார்.

நீ சின்னவளாக இருந்தபோது கரண்ட் போனால் லிஃப்ட் விழுந்துவிடுமா என்று லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற உன் அப்பாவிடம் கேட்டாய், உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார், கரண்ட் இருந்தாத்தான் பிரேக் திறந்திருக்கும், கரண்ட் போனா அதுவே கவ்விப் பிடிச்சுக்கும், யாரும் பிடிக்க வேண்டாம் என்று. நல்ல மெக்கானிக், அதில் குறை இல்லை. தன்னுடைய பிரேக்கை மட்டும் கழுத்தில் மாட்டிக் கழட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார். உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, அன்றிலிருந்து, பாவம் அவரால் முடியவில்லை என்று எண்ணித்தான் இரக்கப்பட்டு வந்திருக்கிறேன். குடி ஒரு நோய் என்று நானும் படித்திருக்கிறேன், இருக்கலாம். ஆனால் எந்த நோய் பாப்பா நல்ல நாள் பார்த்துக் குணமாகி, நல்ல நாள் பார்த்துத் திரும்பி வருகிறது? எனக்கு அந்தப் பதினோரு மாதத்தின் மேல்கூட இவ்வளவு கசப்பு இல்லை. இந்த ஒரு மாதத்தின் மேல்தான். முடியும் என்று அதுதானே காட்டிக் கொடுத்தது. சாமியிடம் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஒரு மாதம் அவரைக் கட்டிவைக்கத் தெரிந்தவர் மீதியை என் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நேற்று குருசாமி கடைக்கே வந்தார், ரசீதோடு துணி வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்மா, ஆம்பளை ஒரு மாசம் அடங்கி இருக்கிறதே பெரிய புண்ணியம், வீட்டுக்குப் போ என்றார். நான் பாவாடை ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவருக்கு எது கவலை என்பது வெளியே வந்தது, அடுத்த வருஷம் உன் வீட்டுக்காரர் மாலை போடும்போது வீட்டுல பொம்பளை இல்லைன்னா விரதச் சமையலை யார் பார்க்கிறது என்றார். அதைச் சாமியே பார்த்துக்கட்டும் சாமி என்றேன்.

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, குருசாமி கடைப் படி இறங்கிய பிறகு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. இங்கே எத்தனை நாள் இருப்பேன், உன் அப்பா வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல உனக்கு எழுதமாட்டேன். ஆனால் நீ கேட்டதற்குப் பதில் தெரியும். அந்த வீட்டுக்கு வராதே. அழுதது நிஜம்தான், அந்த நிஜத்துக்கு ஆயுசு ஒரு மாதம்தான். அடுத்த வருஷமும் அழுவார், வீடியோ வரும், பார்த்துவிட்டு உன் வேலையைப் பார். லீவு கிடைத்தால் எந்த மாதத்திலும் வா, சலவைக் கடைக்கு வா, பின்பக்கப் படி வழியாக மேலே ஏறு, கட்டில் இரண்டு பேருக்குப் போதும். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன், இப்போது சுலபமாக விழுகிறது.

இன்னொன்று, மறந்துவிடாதே. அப்பா இப்படியே இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத் திங்கட்கிழமை எல்லாம் பட்டினி இருக்கேன் என்று சொன்னாய். நாள் முழுக்க நின்றுகொண்டு மனிதர்களைத் தூக்குகிற வேலை, வெறும் வயிற்றோடு. அந்த விரதத்தை இன்றோடு முடித்துக்கொள். வேண்டுதலை முறித்த பாவம் வந்தால் என் கணக்கில் வரட்டும். நம் வீட்டில் இவருக்காக இத்தனை வருஷம் பட்டினி கிடந்தது போதும். இதைப் படித்து முடித்ததும் அழுகை வரும், எனக்குத் தெரியும். முதலில் சாப்பிடு, பிறகு அழு. நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், உன் கை வலி தீர வேண்டும், உன்னைப் பார்த்து யாரும் குரலை உயர்த்தாத வீடு உனக்கு அமைய வேண்டும், இதைத்தான் தினமும் விளக்கு இல்லாமலே வேண்டிக்கொள்கிறேன்.

பன்னிரண்டு மாதமும் உனக்கு,
அம்மா